நுகமும் சங்கிலியும்: செங்கற்பட்டு வழியே சென்றதோர் இயற்கணித வரலாறு

சிங்கப்பெருமாள் கோவில் நிலையத்தில் தெற்கு நோக்கிச் செல்லும் மின்தொடர் வண்டியில் ஏறினால், இடையில் பரனூர் என்னும் ஒரே நிலையத்தைக் கடந்ததும் செங்கற்பட்டு வந்துவிடும். அச்செங்கற்பட்டில் வழக்கறிஞர் ஒருவரின் மூத்த மகனாக வளர்ந்து, பள்ளிக் கல்வி முழுவதையும் அங்கேயே முடித்த ஒருவர், பாரிசு நகரத்து அறிஞர் 1955இல் எழுப்பிய வினா ஒன்றுக்கு மூன்றே ஆண்டுகளில் முதல் விடையைக் கண்டார். அவரே பேராசிரியர் சி. எஸ். சேஷாத்திரி (1932–2020). கவிஞர்க்கும் கதையாசிரியர்க்கும் பத்தாண்டுகளாக விழா எடுத்துவந்த நம் மேடைகளில் அவர் பெயர் ஒலித்ததாக எனக்கு நினைவில்லை. கணிதம் ஓர் இலக்கிய மலருக்குரிய பொருளா என்னும் ஐயம் எழலாம். தமிழ் கற்பிக்கும் ஒருத்தி கணிதம் பற்றி எழுதலாமா என்னும் ஐயமும் எழலாம். இவ்விரண்டுக்கும் வாதாட நான் முற்படவில்லை. வரலாற்றைச் சொல்லிச் செல்கிறேன்.

ஆயினும் ஒன்றைத் தொடக்கத்திலேயே கூறிவிடுதல் வேண்டும். தமிழில் கணிதமேதை என்றவுடன் கும்பகோணத்து இராமானுசன் ஒருவரே நம் நினைவுக்கு வருகிறார். வறுமை, தனிமை, நாமகிரித் தாயார் கனவில் வந்து அருளியது, கடல் கடந்த அழைப்பு, இளமையிலேயே மறைவு எனக் காவியத்துக்குரிய உறுப்புகள் யாவும் அவ்வரலாற்றில் உள்ளன. அப்பெருமகனாரின் புகழைக் குறைப்பது என் நோக்கமன்று. ஆனால் அந்த ஒரு வரலாற்றையே திரும்பத் திரும்பச் சொல்லிக் கேட்கும் மாணவர், கணிதம் வானிலிருந்து ஒருவர்மேல் இறங்கும் பொருள் என்றே எண்ணிக்கொள்கின்றனர். சேஷாத்திரியின் வரலாறு வேறு வகையினது. அதில் ஆசிரியர் உண்டு, அவருக்கும் ஆசிரியர் உண்டு. உடன்பயின்ற தோழர் உண்டு. பாடம் கேட்டு ஏடு எழுதும் வழக்கம் உண்டு. அற்புதம் என்று சொல்லத்தக்கது ஏதுமில்லை. ஆகவே அது மறுபடியும் நிகழக்கூடியது. அதனாலேயே நமக்கு இராமானுசன் வரலாற்றினும் பயன்படக்கூடியது என்று நான் கருதுகிறேன்.

அவர் விடை கண்ட வினா பிறந்த துறைக்கு ஹோமாலஜி இயற்கணிதம் என்று பெயர். சங்கிலித் தொடர் என்பது அத்துறையின் அடிப்படைக் கருவி. அதை விளங்கிக்கொள்ள நம்மூர்க் குன்றே போதும். இங்குள்ள பாடலாத்திரி நரசிம்மர் கோவிலின் கருவறை குன்றைக் குடைந்து அமைக்கப்பட்டது என்பதை அனைவரும் அறிவர். ஏனைய கோவில்களைப் போல மூலவரை மட்டும் வலம்வர இங்கு வழியில்லை. அவரை வலம்வர விரும்புவோர் குன்றையே வலம்வர வேண்டும். இனி, குன்று நீங்கலாக நடக்கக்கூடிய தரையை மட்டும் ஒரு பரப்பாகக் கொள்வோம். ஓரிடத்தில் புறப்பட்டு வேறோரிடத்தில் நிற்கும் நடைக்கு இரண்டு முனைகள் உண்டு. புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் நடைக்கு முனை இல்லை, அது சுழல். வெட்டவெளியில் ஒரு மரத்தடியைக் கூடத் தொடாமல் வட்டமிட்டு நடந்தால், அவ்வட்டத்தின் உட்பகுதி முழுவதும் நடக்கக்கூடிய தரையே. ஆகவே அந்தச் சுழல் ஒரு தரைத்துண்டின் விளிம்பு ஆகிறது. குன்றைச் சுற்றிய நடையும் சுழல்தான். ஆனால் அதன் உள்ளே குன்று நிற்கிறது. நடக்கும் தரைத்துண்டு எதற்கும் அது விளிம்பாக அமைவதில்லை. சுழலாக இருந்தும் விளிம்பாகாத இந்நடையே, அங்கே ஒரு குன்று உண்டு என்பதைக் கண்ணால் காணாமலேயே நமக்கு உணர்த்திவிடுகிறது.

இதில் இரண்டு படிகள் உள்ளன. தரைத்துண்டிலிருந்து அதன் விளிம்புக்கு இறங்குவது ஒரு படி; நடையிலிருந்து அதன் முனைகளுக்கு இறங்குவது அடுத்த படி. விளிம்பு எப்போதும் சுழலாதலால், இரண்டு படிகளையும் அடுத்தடுத்து இறங்கினால் எஞ்சுவது சுழியம். இப்படி எத்தனை படிகள் இருப்பினும், அடுத்தடுத்த இரண்டு படிகளை இறங்கினால் ஒன்றும் எஞ்சாதவாறு அமைந்த தொடரே சங்கிலித் தொடர். ஒரு படியில் சுழியமாகிறவற்றுள் முந்தைய படியிலிருந்து வந்து சேராதவை எவை என்று கணக்கிடுவதே ஹோமாலஜி. ஒரு முறை வலம்வந்தவரையும் மூன்று முறை வலம்வந்தவரையும் நூற்றெட்டு முறை வலம்வந்தவரையும் இக்கணக்கு வேறுபடுத்திக் காட்டும். இடமாகச் சுற்றியவர்க்குக் குறை எண்ணும் வழங்கும்.

பரப்புகளின் துளைகளை இவ்வாறு எண்ணும் முறையை 1895இல் நிலைநாட்டியவர் பிரெஞ்சு அறிஞர் ஆன்ரி புவான்காரே. அவர் எண்ணினார், எண்களோடு நின்றார். அவ்வெண்களுக்குப் பின்னால் கூட்டவும் கழிக்கவும் கூடிய அமைப்பு ஒன்று, இயற்கணிதத்தார் குலம் என்று வழங்கும் அமைப்பு, ஒளிந்திருக்கிறது என்பதை 1920களின் நடுவில் சுட்டிக்காட்டியவர் செருமனியின் எம்மி நோய்தர் அம்மையார். கெட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் பெண் என்ற காரணத்தால் பல்லாண்டுகள் ஊதியமின்றியும், இல்பர்ட் என்னும் பேராசிரியரின் பெயரால் அறிவிக்கப்பட்ட வகுப்புகளிலும் பாடம் சொன்னவர் அவர். 1933இல் யூதர் என்பதற்காக வெளியேற்றப்பட்டு, அமெரிக்காவில் 1935இல் மறைந்தார். கல்லூரி ஆசிரியையாக உள்ளவர் எவரும் அவர் பெயரை ஒரு கணம் நின்றே கடப்பர். பரப்பு, குன்று, தரை என்னும் பேச்சையே விட்டுவிட்டு, சங்கிலித் தொடரைத் தனியோர் இயற்கணிதப் பொருளாக 1929இல் வரையறுத்தவர் வியன்னாவின் வால்தர் மாயர். அவர் பின்னர் ஐன்சுடைனின் கணித உதவியாளராகி, அவரோடு பிரின்சுடன் சென்றார். மாயரின் பெயர் மங்கிப்போனது. அவர் வரையறை நிலைத்தது.

சங்கிலிக்கு இன்னொரு வேரும் உண்டு. தமிழ் படித்தவர்க்கு அது மிகவும் இனிக்கும். அ, இ என்னும் இரண்டு மாறிகளைக் கொண்ட பல்லுறுப்புக்கோவைகளை எடுத்துக்கொள்வோம். அவற்றுள் தனி எண் கலவாத கோவைகள் அனைத்தையும் அ, இ என்னும் இரண்டைக் கொண்டே ஆக்கிவிடலாம். ஆனால் அவ்விரண்டும் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை அல்ல. அ என்பதை இ-யால் பெருக்கி, இ என்பதை அ-வால் பெருக்கி, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் சுழியம். இத்தகைய உறவுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கிலக் கணித அறிஞர் சில்வெஸ்டர் சிசிஜி என்று பெயரிட்டார். கிரேக்கத்தில் அதன் பொருள் ஒரே நுகத்தில் பூட்டப்பட்டது என்பதாம். இரண்டு எருதுகளை ஒரு நுகத்தடியில் பூட்டி உழுத நிலத்தினர்க்கு இதனினும் தெளிவான சொல் வேண்டுமா? நுகப்பிணை என்று தமிழில் வழங்கலாம் என்பது என் கருத்து.

மாறிகள் மூன்றானால் நுகப்பிணைகளும் மூன்றாகும். வியப்பு யாதெனின், அம்மூன்று பிணைகளும் தமக்குள் மற்றொரு நுகத்தில் பூட்டப்பட்டிருக்கின்றன, அப்பிணை ஒன்றே. தொடக்கத்து ஒன்றையும் சேர்த்தால் 1, 3, 3, 1 என வரிசை அமைகிறது. யாப்பு நூலார் மேருப்பிரத்தாரம் என்று வரைந்த அடுக்கின் நான்காம் வரி அது. குறில் நெடில் அமைப்புகளை எண்ணப் புகுந்தோர் கண்ட வரி, பல்லுறுப்புக்கோவைகளின் நுகங்களை எண்ணும்போதும் எழுந்து நிற்கிறது. முதலுறுப்பைக் கூட்டி, அடுத்ததைக் கழித்து, மீண்டும் கூட்டி, மீண்டும் கழித்தால் சுழியம் கிடைப்பதையும் காண்க; இது பின்னர் வேண்டப்படும்.

உறவு, உறவுகளின் உறவு, அவற்றின் உறவு என்று இந்தத் தொடர் முடிவின்றி ஓடுமோ என்னும் அச்சத்தை 1890இல் நீக்கியவர் முன்னர்க் குறித்த தாவீது இல்பர்ட். எத்தனை மாறிகளோ அத்தனை படிகளுக்குள் அது முடிந்துவிடும் என்று அவர் நிறுவினார். இங்கும் இரண்டு படி இறங்கினால் சுழியமே. அதற்கும் மேலாக ஒரு சிறப்பு இங்கு உண்டு. முந்தைய படியிலிருந்து வந்து சேர்பவை எவையோ, அடுத்த படியில் மறைபவை சரியாக அவையே. கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. ஒரு செய்யுளின் அந்தமே அடுத்ததன் ஆதியாகும் அந்தாதித் தொடையை நாம் நினைத்துக்கொள்ளலாம். உவமையை இதற்குமேல் நீட்டினால் பொருந்தாது. அந்தாதியில் சொல் செய்யுள்தோறும் தொடர்ந்து வாழ்கிறது. சங்கிலியிலோ இரண்டாம் அடியில் அழிந்துபோகிறது.

பரப்பின் துளைகளை எண்ணிய சங்கிலியும் கோவைகளின் நுகங்களை எண்ணிய சங்கிலியும் ஒன்றே என்று கண்டு, இரண்டையும் ஒரே நூலில் கோத்தவர்கள் ஆன்ரி கார்த்தானும் சாமுவேல் ஐலன்பெர்க்கும். அவர்களுடைய ‘ஹோமாலஜி இயற்கணிதம்’ என்னும் நூல் 1956இல் பிரின்சுடனில் வெளிவந்தது. துறைக்குப் பெயரும் அந்நூலால் நிலைத்தது. ஐலன்பெர்க் போலந்தில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்தவர். 1950களில் பம்பாய் வந்தவர், நம் நாட்டுச் சிறு சிற்பங்களின்மேல் காதல் கொண்டு வாழ்நாள் முழுதும் அவற்றைத் திரட்டினார். அவர் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துக்கு வழங்கிய பொருள்கள் நானூற்றுக்கும் மேற்பட்டவை. 1991இல் அவற்றுக்கென்றே அங்கு ஒரு கண்காட்சி நடந்தது. நம் நாட்டுச் சிற்பங்கள் அயல்நாட்டு அருங்காட்சியகத்தில் நிற்பதைக் குறித்து இருவேறு கருத்துகள் உண்டு. அதை இங்கு விரிக்கவில்லை.

இனி அக்கால அயலகத்திலிருந்து அக்காலச் சென்னைக்கு வருவோம். இரண்டையும் இணைத்த பாலமாக ஒரு துறவி இருந்தார். ஆன்ரி கார்த்தானின் தந்தை ஏலி கார்த்தானும் பெருங்கணித அறிஞர். அவரிடம் ஆய்வு செய்து 1934இல் முனைவர் பட்டம் பெற்றவர் சார்லஸ் இரசீன் என்னும் இயேசு சபைத் துறவி. இவர் 1937இல் இந்தியா வந்து திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியில் பணியேற்றார். இரண்டாண்டுகளில் சென்னை இலயோலாக் கல்லூரிக்கு மாறி, 1967 வரை அங்குக் கற்பித்தார். ஆந்திரே வெய், ஆன்ரி கார்த்தான் முதலிய பிரெஞ்சு அறிஞர்களோடு அவர் நட்புக் கொண்டிருந்தார். அந்நாளில் சென்னையில் கணிதம் வறண்டு கிடந்தது என்று கூற முடியாது. மாநிலக் கல்லூரியில் ஆனந்தராவும், பல்கலைக்கழகத்தில் இடத்தியல் நூல் எழுதிய வைத்தியநாதசாமியும் இருந்தனர். அழகப்பச் செட்டியார் 1950இல் நிறுவிய இராமானுசன் கணித நிறுவனத்துக்கு விசயராகவன் தலைமை தாங்கினார். எனினும் பட்ட வகுப்புப் பாடத்திட்டம் பெரிதும் இங்கிலாந்தின் பழைய தேர்வு முறையையே தழுவி நின்றது. இரசீன் அடிகளார் அப்பாடத்திட்டத்துக்கு வெளியே பாரிசில் உருவாகிக்கொண்டிருந்த புதுக்கணிதத்தின் நூல்களை மாணவர் கையில் கொடுத்தார். அவர் செய்த பெருந்தொண்டு இதுவே. தேர்வில் வராத நூலை மாணவனிடம் கொடுக்கும் துணிவு எத்தனை அரியது என்பதை ஆசிரியப் பணியில் உள்ளோர் நன்கறிவோம்.

செங்கற்பட்டிலிருந்து 1948இல் இலயோலாவுக்குச் சென்ற சேஷாத்திரி அவரிடம் ஐந்தாண்டுகள் பயின்றார். வட ஆர்க்காட்டுத் தண்டரையைச் சேர்ந்த மு. சு. நரசிம்மன் அவருடைய வகுப்புத் தோழர். இருவரும் ஒரே ஆண்டில், 1932இல், பிறந்தவர்கள். பம்பாயில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் கே. சந்திரசேகரன் ஒரு கணிதப் பள்ளியை உருவாக்கிக்கொண்டிருந்தார். அங்குச் செல்லுமாறு இருவரையும் நெறிப்படுத்தியவர் அடிகளாரே. 1953இல் இருவரும் ஒன்றாகவே அங்குச் சேர்ந்தனர். பின்னாளில் சி. பி. இராமானுசமும் இரகவன் நரசிம்மனும் அதே இலயோலா வழியில் அங்குச் சென்றனர்.

பம்பாய் நிறுவனத்தின் ஒரு வழக்கத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். உலகின் முதன்மையான அறிஞர்களைச் சந்திரசேகரன் சில வாரங்களோ மாதங்களோ வந்து பாடம் சொல்ல அழைப்பார். வகுப்பில் அமர்ந்த இளைஞர் ஒருவரிடம் அப்பாடத்தை முழுமையாக எழுதும் பொறுப்பு ஒப்படைக்கப்படும். உரையில் விட்டுப்போன நிறுவல்களை அவரே நிரப்ப வேண்டும். இலாரன் சுவார்ட்சு சொன்ன பாடத்தை எழுதியவர் நரசிம்மன். அந்நூல் 1955இல் வெளிவந்தது. சங்கிலித் தொடர்களுள் புகழ்பெற்ற ஒன்றுக்கு, நாம் மேலே கண்ட 1, 3, 3, 1 என்னும் அமைப்புக்கு, பெயர் தந்த கொசூல் அவர்களும் அங்கு வந்து பாடம் சொன்னார். அதை எழுதியவர் ச. இரமணன்; வெளிவந்த ஆண்டு 1960. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை பாடல்களைச் சொல்லச் சொல்ல மாணாக்கர் ஏட்டில் எழுதியதை உ. வே. சாமிநாதையர் வரலாற்றில் நாம் படித்திருக்கிறோம். கேட்பவனை எழுத வைத்து, எழுதுபவனை அறிஞனாக்கும் அம்முறையே கணிதத்தில் வேறு உருவில் பம்பாயில் நிகழ்ந்தது. சி. பி. இராமானுசம் முப்பத்தாறு வயதிலேயே, 1974இல், மறைந்தார். மம்ஃபர்டு எழுதிய ஆபெல் பரப்புகள் பற்றிய நூலில் அவர் உழைப்பு இன்றும் வாழ்கிறது.

இப்போது அந்த வினாவுக்கு வருவோம். ஒரு நீண்ட துணிப்பட்டையின் இரு முனைகளையும் நேராகச் சேர்த்துத் தைத்தால் வளையம் கிடைக்கும். ஒரு முனையைத் திருப்பித் தைத்தால் முறுக்குள்ள வளையம் கிடைக்கும். எவ்வளவு இழுத்தாலும் அம்முறுக்கு நீங்காது. முறுக்கு நிலைப்பதற்குக் காரணம், பட்டை ஒரு வட்டத்தைச் சுற்றி ஓடுவதே. துளையோ குன்றோ இல்லாத சமதளத்தின்மேல் எந்த முறுக்கும் நிலைக்காது, அவிழ்த்துவிடலாம். இது இடத்தியல் அறிந்த உண்மை. ஆனால் கூட்டலும் பெருக்கலும் மட்டுமே கொண்ட பல்லுறுப்புக்கோவைகளையே கருவியாக வைத்துக்கொண்டு அம்முறுக்கை அவிழ்க்க இயலுமா? பிரெஞ்சு அறிஞர் ழான் பியர் செர் 1955இல் தம் நீண்ட கட்டுரை ஒன்றினிடையே, விடை தமக்குத் தெரியவில்லை என்ற அளவில் இவ்வினாவைக் குறித்துச் சென்றார்.

இயற்கணித மொழியில் இதையே வேறு விதமாகச் சொல்வர். தமக்குள் உறவு எதுவுமில்லாத ஆக்கக்கூறுகளால் ஆன தொகுதி கட்டற்ற மாடியூல் எனப்படும். தனித்து நோக்கினால் கட்டற்றதா என்று தெரியாமல், வேறொரு துணையைச் சேர்த்தால் கட்டற்றதாகிவிடும் தொகுதி புரொஜெக்டிவ் மாடியூல் எனப்படும். நம் வசதிக்காகத் துணை நாடும் மாடியூல் என்போம். பல்லுறுப்புக்கோவைகளின்மேல் அமைந்த துணை நாடும் மாடியூல், எல்லைக்குட்பட்ட ஆக்கக்கூறுகளைக் கொண்டதாயின், துணையே இல்லாமலும் கட்டற்றதுதானா? இதுவே செர் கேட்டது.

சங்கிலி இங்கே தன் ஆற்றலைக் காட்டுகிறது. இல்பர்ட்டின் தேற்றத்தை விரித்துக் கண்டால், அத்தகைய மாடியூல் எதற்கும் கட்டற்ற மாடியூல்களால் ஆன, முடிவுள்ள அந்தாதித் தொடர் ஒன்று கிடைக்கும். துணை நாடும் தன்மையால் அத்தொடர் படிதோறும் இரண்டாகப் பிளக்கும். ஒற்றைப் படிகளை ஒருபுறமும் இரட்டைப் படிகளை மறுபுறமும் சேர்த்துவைத்தால், நாம் 1, 3, 3, 1 என்பதில் கண்ட கூட்டல் கழித்தல் போலவே, இருபுறமும் சமமாகிவிடும். இதிலிருந்து செர் பெற்ற முடிவு, வேண்டப்படும் துணையும் கட்டற்றதாகவே இருக்கலாம் என்பது. சங்கிலி இதுவரை கொண்டுவந்து விட்டது. இதற்குமேல் அதனால் செல்ல இயலவில்லை. கட்டற்ற துணையைச் சேர்த்தால் கட்டற்றதாகும் ஒன்று, அத்துணையை நீக்கிய பின்னும் அப்படியே நிற்குமா?

கையால் எழுதிப் பார்க்கக்கூடிய வடிவமும் இதற்கு உண்டு. ஓர் அணியின் முதல் நிரை மட்டும் தரப்பட்டிருக்கிறது. அதன் உறுப்புகள் பல்லுறுப்புக்கோவைகள். தக்க கோவைகளால் அவற்றைப் பெருக்கிக் கூட்டினால் ஒன்று என்னும் எண் கிடைக்கும். மீதி நிரைகளை நிரப்பி, அணிக்கோவையின் மதிப்பு ஒன்றாகுமாறு செய்ய முடியுமா? உறுப்புகள் இரண்டானால் எளிது: ஒன்று கிடைக்கப் பெருக்கிய அதே இரண்டு கோவைகளை இடம் மாற்றி, ஒன்றன் குறியையும் மாற்றி இரண்டாம் நிரையில் இட்டுவிடலாம். உறுப்புகள் மூன்றானதும் இவ்வெளிமை மறைந்துவிடுகிறது. சேலையின் ஒரு கரை மட்டும் நெய்யப்பட்டிருக்க, உடலை நெய்து முடிக்கக் கேட்பது போன்றது அது.

மாறி ஒன்றே எனின் விடை பழமையானது, ஆம், கட்டற்றதே. மாறிகள் இரண்டாகும்போதுதான் உண்மையான தடை தொடங்குகிறது. அதைத்தான் சேஷாத்திரி 1958இல் கடந்தார். அவர் முறையின் அழகை ஓரளவேனும் சொல்ல முயல்கிறேன். ஒரு மாறியின் கோவைகள் பலவகையில் முழு எண்களைப் போன்றவை. வகுத்து மீதி காணலாம். பகா எண்கள் போலப் பகாக் கோவைகளும் உண்டு. முதல் மாறியின் சில பகாக் கோவைகளால் வகுத்துக்கொள்ளலாம் என்று ஓர் இசைவு வழங்கினால், நம் மாடியூல் எளிதில் கட்டற்றதாகிவிடும். அவ்விசைவை ஒவ்வொரு பகாக் கோவையாகத் திரும்பப் பெற்றுக்கொண்டே வருவதுதான் சேஷாத்திரியின் வழி. ஒன்றைத் திரும்பப் பெறும்போது ஆக்கக்கூறுகள் சற்றுக் கலைந்துபோகும். அக்கலைவைச் சரிசெய்ய வேண்டும். அப்பகாக் கோவையைச் சுழியமாகக் கருதி நோக்கினால் எஞ்சுவது இரண்டாம் மாறி ஒன்றே; அங்கே மறுபடியும் வகுத்து மீதி காணலாம். ஆகவே ஒரு நிரையின் மடங்கை மற்றொரு நிரையோடு கூட்டுவது என்னும் எளிய மாற்றங்களைக் கொண்டே கலைவைச் சீராக்கிவிடலாம். மேல்நிலைப் பள்ளியில் நாம் செய்த நிரை மாற்றங்களே அவை. இசைவுகள் எல்லாம் தீர்ந்த பின்னும் மாடியூல் கட்டற்றதாகவே நிற்கிறது. கருவிகள் எளியவை, அவற்றை எந்த இடத்தில் வைப்பது என்று கண்டதே அருமை. சில பக்கங்களே கொண்ட அக்கட்டுரை அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் நடவடிக்கை இதழில் வெளியாயிற்று. 1957 முதல் 1960 வரை பாரிசில் தங்கிய சேஷாத்திரி, செர், ஷெவாலே, குரோத்தெண்டீக் முதலியோர் செயற்பட்ட சூழலில் நேரடியாகவே கலந்துகொண்டார்.

மூன்று மாறிகளுக்கு விடை வர மேலும் பதினாறு ஆண்டுகள் ஆயின. 1974இல் பவமான மூர்த்தியும் டவுபரும் அதைக் கண்டனர்; மூர்த்தியும் பம்பாய்ப் பள்ளியில் உருவானவரே. எத்தனை மாறிகளாயினும் விடை ஆம் என்பதே என்று 1976இல் அமெரிக்காவின் குவில்லனும் சோவியத் நாட்டின் சுஸ்லினும் ஒருவரையொருவர் அறியாமல் நிறுவினர். ஒரகடத்துத் தொழிற்சாலைகளில் பணிபுரியும் நம் இளைஞர் ‘இதனால் என்ன பயன்’ என்று கேட்பது இயல்பு. அணியின் முதல் நிரையிலிருந்து மீதியை நிரப்பும் அந்த முடிவு, பல பரிமாணக் குறிகைகளை வடிகட்டும் அமைப்புகளிலும் கட்டுப்பாட்டுப் பொறியியலிலும் பின்னர்ப் பயன்பட்டது. 1958இல் அதைத் தேடியவர் எவரும் அப்பயனைக் கருதித் தேடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

சேஷாத்திரியின் பிற்காலச் சாதனைகளை விரைந்தே கூற வேண்டியுள்ளது. நரசிம்மனோடு சேர்ந்து 1965இல் வெளியிட்ட தேற்றம் இருவர் பெயரையும் இணைத்தே உலகெங்கும் வழங்குகிறது. இலயோலா வகுப்பில் தொடங்கிய தோழமையின் நினைவாக அதைக் கொள்ளலாம். 1988இல் இலண்டன் அரச கழகம் சேஷாத்திரியை உறுப்பினராக ஏற்றது. கருநாடக இசையிலும் அவர் தேர்ந்தவர். இவற்றினும் நம் வட்டாரத்துக்கு நெருக்கமானது, அவர் திரும்பி வந்ததே. 1984இல் பம்பாயை விட்டுச் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்துக்கு வந்தவர், 1989இல் ஸ்பிக் அறிவியல் அறக்கட்டளையின் ஆதரவில் தியாகராய நகரில் ஒரு கணிதப் பள்ளியைத் தொடங்கினார். ஆய்வாளர்கள் இளநிலை மாணவர்க்கே நேரடியாகப் பாடம் சொல்ல வேண்டும் என்பது அவர் கொள்கை. இளநிலை வகுப்புகள் 1998இல் தொடங்கின. சென்னைக் கணிதக் கழகம் என்று பெயர் பெற்ற அந்நிறுவனம் 2005இல் சிறுசேரிக்குக் குடிபெயர்ந்தது. நம்மூரிலிருந்து வண்டலூர் சென்று, கேளம்பாக்கம் சாலையில் போய், பழைய மாமல்லபுரம் சாலையில் வடக்கே திரும்பினால் அதைக் காணலாம். செங்கற்பட்டுப் பள்ளி மாணவர் ஒருவர் பம்பாய், பாரிசு எல்லாம் சென்று, செங்கற்பட்டு மாவட்டத்துக்கே ஒரு கணிதப் பள்ளியைக் கொண்டுவந்தார் என்று சொல்லலாம். தேர்வில் வராத நூலை மாணவனிடம் கொடுத்த அடிகளாரின் வழக்கத்துக்கு அங்கே ஒரு கட்டடமே எழுந்துவிட்டது. 2020 சூலை 17ஆம் நாள் சேஷாத்திரி மறைந்தார். அடுத்த ஆண்டு மே மாதத்தில் நரசிம்மனும் மறைந்தார்.

தமிழைப் பற்றியும் ஒரு சொல். குலம், வளையம், அணி, நிரை, நிரல், கெழு, பல்லுறுப்புக்கோவை ஆகிய சொற்களை இக்கட்டுரைக்கென நான் படைக்கவில்லை. பெரும்பாலானவை தமிழ்வழிக் கல்லூரிக் கல்வி தொடங்கிய 1960, 70களில் பாடநூல் எழுதிய ஆசிரியர்கள் நிலைநிறுத்தியவை. அவர்கள் எல்லை இளநிலைப் பாடத்தோடு பெரும்பாலும் நின்றதால், மாடியூல், ஹோமாலஜி போன்றவற்றுக்கு வழங்கு தமிழ் அமையவில்லை. அவற்றை ஒலிபெயர்த்தே எழுதினேன். நுகப்பிணை ஒன்றை மட்டும் துணிந்து இட்டேன். சொல் பிழையாயின் கணிதம் வல்லார் திருத்துக. திருத்துவதற்கும் முதலில் யாரேனும் எழுதியிருக்க வேண்டுமல்லவா?

இறுதியாக, பெயரிடல் பற்றிய சிறு செய்தி ஒன்று. செர் எழுப்பியதை ‘செர் ஊகம்’ என்றே நெடுங்காலம் வழங்கினர். தி. யூ. லாம் 1978இல் வெளியிட்ட நூலும் அப்பெயரையே தாங்கியது. தாம் ஊகம் எதையும் கூறவில்லை, விடை தெரியாத ஒன்றைக் குறித்ததே உண்டு என்பது செர் அவர்களின் நிலை. லாம் அந்நூலை 2006இல் புதுக்கி எழுதியபோது தலைப்பிலிருந்து ஊகத்தை நீக்கி, செர் அவர்களின் வினா என்னும் பொருள்பட மாற்றினார். இரண்டு மாறிகளுக்கான முடிவு அந்நூலில் சேஷாத்திரியின் தேற்றம் என்ற பெயரிலேயே உள்ளது.